ஆகாயமும் அடுக்களையும்

புதியது என்றால் மனிதனுக்கு ஆசையும் உண்டு, அச்சமும் உண்டு. ஒரே வீட்டில் குடியிருக்கும் இரண்டு ஓரகத்திகளைப் போல இவை இரண்டும் ஒரே நெஞ்சில் குடியிருக்கின்றன. ஒருத்தி வாசலில் கோலம் போட்டு விருந்தாளியை வரவேற்றால், மற்றவள் கொல்லைக் கதவைத் தாழிட்டுக் கொண்டு உள்ளே உட்கார்ந்து விடுவாள். எந்தப் புதுமைக்குக் கோலம் போடுவார்கள், எந்தப் புதுமைக்குத் தாழ்ப்பாள் போடுவார்கள் என்பதை முன்கூட்டிச் சொல்ல முடியாது. சரித்திரத்தைப் புரட்டிப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். அப்படிப் புரட்டும்போதெல்லாம் நான் தவறாமல் நின்று பார்க்கும் இடம் ஒன்று உண்டு. பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இருந்த பாரிஸ் பட்டணந்தான் அது.

அந்தப் பட்டணத்தின் முன்னால் ஏறக்குறைய ஒரே சமயத்தில் இரண்டு புதுமைகள் வந்து நின்றன. ஒன்று, வானத்தில் பறப்பது. மற்றொன்று, உருளைக்கிழங்கு தின்பது. இவற்றில் எது கடினம் என்று உங்களைக் கேட்டால் சிரிப்பீர்கள். இது ஒரு கேள்வியா என்பீர்கள். ஆனால் நடந்தது என்ன தெரியுமா? பலூன் என்ற ஒன்று முதன்முதலாக ஊரறிய மேலே எழும்பியதிலிருந்து ஆறு மாதம் முடிவதற்குள் பாரிஸில் மனிதன் பறந்து விட்டான். கிழங்கு விஷயமோ ஒரு தலைமுறைக்கு மேல் இழுத்துக் கொண்டு போயிற்று.

முதலில் வானத்துக் கதையைச் சொல்லி விடுகிறேன்.

பிரெஞ்சு தேசத்தின் தெற்கே விவாரே என்ற மலைப் பிரதேசத்தில் அன்னோனே என்று ஓர் ஊர். அங்கே காகித ஆலை நடத்தி வந்த குடும்பம் ஒன்று, மாங்கோல்பியே குடும்பம். அந்த வீட்டுப் பிள்ளைகள் இருவர், ஜோசப் என்றும் எத்தியேன் என்றும் பெயர். புகை மேலே போகிறதே, அதை ஒரு பையில் பிடித்து அடைத்தால் பையும் கூட மேலே போக வேண்டுமல்லவா என்று அவர்களுக்குத் தோன்றியது. துணியில் காகிதத்தை ஒட்டி, துண்டுகளைப் பொத்தான் போட்டு இணைத்து ஒரு பெரிய உருண்டை செய்தார்கள். 1783-ஆம் வருஷம் ஜூன் 4-ஆம் தேதி, ஊர்ப் பிரமுகர்கள் பார்த்துக் கொண்டிருக்க, வைக்கோலையும் ஆட்டு மயிரையும் கீழே எரித்தார்கள். உருண்டை எழும்பிற்று. பத்து நிமிஷம் வானத்தில் மிதந்து இரண்டு கிலோமீட்டருக்கு அப்பால் போய் விழுந்தது. தூக்கியது புகையல்ல, சூடேறி இலேசான காற்றுத்தான் என்பது அவர்களுக்கு அப்போது தெரியாது. தெரியாவிட்டால் என்ன? அடுப்பு சரியாக எரிந்தால் போதும். தத்துவம் தெரிந்து தானா எல்லோரும் சமைக்கிறார்கள்?

செய்தி பாரிஸுக்கு எட்டியது. அங்கே ஜாக் சார்லஸ் என்ற பௌதிக விஞ்ஞானி இருந்தார். பள்ளிக்கூடத்தில் வாயுக்களைப் பற்றிச் 'சார்லஸ் விதி' என்று படித்திருப்பீர்களே, அந்தச் சார்லஸ். அவர் புகையை நம்பவில்லை. இரும்புத் தூளின் மேல் கந்தக அமிலத்தை ஊற்றி, அதிலிருந்து கிளம்பும் ஹைட்ரஜனை, ரப்பர் பூசிய பட்டுப் பையில் நிரப்பினார். ஆகஸ்டு 27-ஆம் தேதி, இன்று ஈபல் கோபுரம் நிற்கும் மைதானத்திலிருந்து அந்தப் பை ஆளில்லாமல் கிளம்பியது. முக்கால் மணி நேரம் பறந்து, கோனெஸ் என்ற கிராமத்தில் இறங்கியது. வானத்திலிருந்து விழுந்து, மூச்சு விடுவது போலப் புடைத்துத் தணியும் அந்தப் பூதத்தைக் கண்ட கிராமத்தார் என்ன செய்வார்கள்? வைக்கோல் கவையையும் கத்தியையும் எடுத்துக் கொண்டு வந்து குத்திக் கிழித்து விட்டார்கள். 'இது பூதம் அல்ல, பயப்படாதீர்கள்' என்கிற ரீதியில் அரசாங்கமே ஒரு விளம்பரம் வெளியிட வேண்டியதாயிற்று.

கோனெஸ் என்ற பெயரை ஞாபகத்தில் வைத்துக் கொள்ளுங்கள். ரொட்டிக்குப் பேர் போன ஊர் அது. பாரிஸ்காரர்கள் விரும்பித் தின்ற ரொட்டி அங்கிருந்து வண்டி வண்டியாக வரும். வானத்துப் புதுமை வந்து விழுந்த இடம் ரொட்டிக்காரர்களின் வயல்.

செப்டம்பர் 19-ஆம் தேதி வெர்சேல்ஸ் அரண்மனை முற்றத்தில், பதினாறாம் லூயி மன்னரும் ராணி மாரி அந்துவானெத்தும் பார்க்க, மாங்கோல்பியே பலூனில் மூன்று பிரயாணிகள் ஏறினார்கள்: ஓர் ஆடு, ஒரு வாத்து, ஒரு சேவல். எட்டு நிமிஷம் பறந்து சுகமாக இறங்கினார்கள். சேவலுக்கு மட்டும் சிறகில் காயம். வானத்துக் காற்று ஒத்துக்கொள்ளவில்லையோ என்று பண்டிதர்கள் ஆராய்ந்தார்கள். கடைசியில், புறப்படும் முன்பே ஆடு உதைத்த உதை அது என்று தெரிந்தது!

அடுத்தது மனிதன். யாரை அனுப்புவது? மரண தண்டனை பெற்ற கைதிகள் இருவரை அனுப்பலாம், பிழைத்தால் விடுதலை என்று மன்னர் நினைத்தார். பிலாத்ர் தெ ரோசியே என்ற இருபத்தொன்பது வயது இளைஞருக்கு இதைக் கேட்டு மனம் பொறுக்கவில்லை. மனித குலத்தில் முதன்முதலாக ஆகாயத்தில் ஏறும் பெருமை ஒரு குற்றவாளிக்கா என்று துடித்தார். அர்லாந்த் என்ற ராணுவப் பிரபுவும் அவரோடு சேர்ந்து கொண்டார். அரசவையில் செல்வாக்கு உள்ளவர்கள் மூலம் சொல்லச் செய்து, அனுமதியும் வாங்கி விட்டார்கள்.

வாசகர்கள் இந்த இடத்தைக் கவனிக்க வேண்டும். வானம் கைதிகளுக்கு மறுக்கப்பட்டது. கைதிகளுக்கு வேறொன்று கிடைத்தது. அது பின்னால் வரும்.

பலூனைச் செய்தவர் ரெவயோன் என்ற சுவர்க் காகித வியாபாரி. எழுபது அடி உயரம். நீலப் பின்னணியில் பொன் வேலைப்பாடு. ராசிச் சக்கரம், சூரிய முகம் எல்லாம் எழுதியிருந்தார்கள். அக்டோபர் மாதம் அவருடைய தொழிற்சாலைத் தோட்டத்தில் பலூனைக் கயிற்றால் கட்டி வைத்து ரோசியே ஏறிப் பழகினார். பிறகு நவம்பர் 21-ஆம் தேதி, போலோன் வனத்தின் ஓரத்தில் இருந்த லா முயெத் மாளிகைத் தோட்டத்திலிருந்து கயிறில்லாமல் கிளம்பியது. நடுவே நெருப்புச் சட்டி. அதன் இரு பக்கமும், எடை சமமாக இருக்க வேண்டும் என்பதற்காக, ஆளுக்கு ஒருவராக நின்று வைக்கோல் போட்டுக் கொண்டே போக வேண்டும். அர்லாந்த் பிரபு கீழே ஸீன் நதி வளைந்து ஓடும் அழகில் சொக்கிப் போய்க் கையைக் கட்டிக் கொண்டு நின்று விட்டார். இப்படி ஆற்றையே பார்த்துக் கொண்டிருந்தால் சீக்கிரம் அதிலேயே முழுக வேண்டி வரும் என்று ரோசியே அதட்டினாராம். பொறி பறந்து துணியில் ஓட்டைகள் விழுந்தன. ஈரப் பஞ்சால் ஒற்றி ஒற்றி அணைத்தார்கள். இருபத்தைந்து நிமிஷத்தில் ஊரைக் கடந்து, சுமார் ஒன்பது கிலோமீட்டர் தூரத்தில் இறங்கினார்கள்.

பத்து நாளைக்கெல்லாம், டிசம்பர் 1-ஆம் தேதி, சார்லஸும் நிக்கொலா ராபர்ட்டும் துய்லரி அரண்மனைத் தோட்டத்திலிருந்து ஹைட்ரஜன் பலூனில் கிளம்பினார்கள். பார்க்க வந்த கூட்டம் லட்சக்கணக்கு. இரண்டு மணி நேரம் பறந்து இறங்கிய பிறகு, ராபர்ட்டைக் கீழே விட்டு விட்டுச் சார்லஸ் தனியாக மறுபடி ஏறினார். ஆள் எடை குறைந்ததால் பலூன் ஒரே பாய்ச்சலாகச் சுமார் மூவாயிரம் மீட்டர் உயரத்துக்குப் போய் விட்டது. கீழே அஸ்தமித்த சூரியனை மேலே மறுபடியும் கண்டார். ஒரே நாளில் இரண்டு அஸ்தமனம் பார்த்த முதல் மனிதர்! காதில் பொறுக்க முடியாத வலி. இறங்கி வந்தார். அதன் பிறகு அவர் ஆயுளில் பலூன் ஏறவே இல்லை. எனக்கு ரோசியேயைப் போலவே இந்தச் சார்லஸையும் பிடிக்கும். ஒரு புது அனுபவத்தை நாடிப் போகும் தைரியம் ஒன்று. 'கண்டேன், போதும்' என்று சொல்லும் தைரியம் இன்னொன்று.

ஊர் முழுவதும் பலூன் பைத்தியம் பிடித்தது. விசிறியில் பலூன், தட்டில் பலூன், தொப்பியில் பலூன். 1784 ஜூனில் லியோன் நகரில், ஸ்வீடன் மன்னர் பார்க்க, எலிஸபெத் திப்லே என்ற பெண்மணி பறந்தார். மேலே போனதும் பாடினாராம். ஓர் ஊர் ஒரு புதுமையைக் கொண்டாடுவது என்றால் இப்படித்தான் கொண்டாட வேண்டும்.

சரி, அப்போது அந்த ஊர் என்ன சாப்பிட்டுக் கொண்டிருந்தது?

ரொட்டி. காலையில் ரொட்டி, மாலையில் ரொட்டி. ஒரு கூலிக்காரனின் வருமானத்தில் பாதிக்கு மேல் ரொட்டிக்கே போய் விடும். கோதுமை விளையாத வருஷம் வந்தால் பட்டினிதான். 1775-ல் மாவுக்காக ஊருக்கு ஊர் கலகம் நடந்தது. 'மாவு யுத்தம்' என்றே அதற்குப் பெயர். இத்தனைக்கும், தென்னமெரிக்க மலைகளிலிருந்து ஸ்பெயின்காரர்கள் கொண்டு வந்த உருளைக்கிழங்கு அதற்கு இருநூறு வருஷம் முன்பே ஐரோப்பாவுக்கு வந்து விட்டது. மாங்கோல்பியே சகோதரர்களின் விவாரே மலைச் சீமையிலேயே அது பயிராவதை 1600-ஆம் ஆண்டில் வெளிவந்த விவசாய நூல் ஒன்று விவரிக்கிறது. கிழக்கே சில மாகாணங்களில் ஏழைகள் தின்றும் வந்தார்கள். ஆனால் பாரிஸைச் சுற்றிலும் அது பன்றிக்குப் போடும் பண்டம். தின்றால் தொழுநோய் வரும் என்று பலர் நம்பினார்கள். செடியோ, நச்சுச் செடிகள் பல உள்ள குடும்பத்தைச் சேர்ந்தது. நமது ஊமத்தையும் அந்தக் குடும்பந்தான். அதனால் பயந்தவர்களை முட்டாள்கள் என்று நான் சொல்ல மாட்டேன். நமக்குத் தலைமுறை தலைமுறையாகப் பழகிய கத்தரிக்காயும் அதே குடும்பம் என்பது வேறு விஷயம்.

இந்த நிலையில்தான் அந்துவான் பார்மாந்தியே என்ற மனிதர் வருகிறார். 1737-ல் பிறந்தவர், ராணுவத்தில் மருந்து கலந்து கொடுக்கும் உத்தியோகம். ஏழாண்டு யுத்தத்தில் பிரஷ்யர்களிடம் கைதியாக அகப்பட்டார். சிறையில் அவருக்குப் போட்டது உருளைக்கிழங்கு. வேளா வேளைக்கு அதுதான். வேறு வழியில்லாமல் தின்றார். தொழுநோய் வரவில்லை, காய்ச்சல் வரவில்லை. உடம்பு நன்றாகவே இருந்தது. நன்றாகத் தின்று செரித்து, நன்றாக யோசித்தும் பார்த்தார்.

ஆகாயத்தில் முதலில் ஏறும் பெருமை கைதிக்குக் கூடாது என்று ரோசியே சொன்னாரே, பூமிக்கு அடியில் விளையும் இந்தப் பெரும் பேறு ஒரு கைதியின் வயிற்றின் வழியாகத்தான் பாரிஸுக்கு வந்தது.

யுத்தம் முடிந்து ஊர் திரும்பிய பார்மாந்தியே, ஊனமுற்ற போர்வீரர்களுக்கான இன்வாலீத் மருத்துவமனையில் மருந்து ஆராய்ச்சியில் அமர்ந்தார். 1769, 1770-ல் விளைச்சல் கெட்டுப் பஞ்சம் வந்தது. தானியத்துக்குப் பதிலாகப் பஞ்ச காலத்தில் எதை உண்ணலாம் என்று பெஸான்ஸோன் நகரப் பண்டித சபை ஒரு கட்டுரைப் போட்டி வைத்தது. பார்மாந்தியேயின் உருளைக்கிழங்குக் கட்டுரைக்குப் பரிசு கிடைத்தது. பாரிஸ் மருத்துவப் பண்டிதர்களும் கிழங்கினால் கெடுதல் இல்லை என்று சொல்லி விட்டார்கள். பரிசு கொடுத்தாயிற்று, சான்றிதழ் கொடுத்தாயிற்று. ஆனால் யாரும் வாயில் வைக்கவில்லை!

பார்மாந்தியே பெரிய மனிதர்களுக்கு விருந்து வைத்தார். இலை முழுவதும், அதாவது தட்டு முழுவதும், உருளைக்கிழங்குப் பதார்த்தங்கள். அமெரிக்கத் தூதராக அப்போது பாரிஸில் இருந்த பெஞ்சமின் பிராங்க்ளினும் அப்படி ஒரு விருந்தில் சாப்பிட்டார் என்பார்கள். ரோசியே பறந்ததற்குச் சாட்சிக் கையெழுத்துப் போட்டவர்களில் அந்தப் பிராங்க்ளினும் ஒருவர். பறந்து என்ன பிரயோஜனம் என்று யாரோ கேட்டதற்கு, பிறந்த குழந்தையால் என்ன பிரயோஜனம் என்று அவர் திருப்பிக் கேட்டதாக ஒரு கதை இன்றும் வழங்குகிறது. கிழங்கைப் பற்றி யாரும் அப்படிக் கேட்டதாகத் தெரியவில்லை. அதன் பிரயோஜனம் எல்லோருக்கும் தெரிந்தே இருந்தது. விஷயம் பிரயோஜனத்தில் இல்லை; நாக்கில் இருந்தது.

நாக்கு சாமானியமானதல்ல. நம் வீட்டையே எடுத்துக் கொள்ளுங்களேன். மிளகாய் நம் ஊர்ச் சரக்கு அல்ல; அமெரிக்காவிலிருந்து போர்த்துக்கீசியர் கொண்டு வந்தது. அதற்கு முன் நமக்குக் காரம் என்றால் மிளகுதான். புதிதாக வந்த காய்க்குப் பெயர் தெரியவில்லை. மிளகு போல் உறைக்கும் காய் என்று 'மிளகாய்' என்று வைத்துக் கொண்டோம். உருளைக்கிழங்குக்கு அந்த உறவுப் பெயர் கூடக் கிடைக்கவில்லை. உருண்டையாக இருந்தது, உருளைக்கிழங்கு ஆயிற்று. இன்று இவை இல்லாமல் நமக்குச் சமையல் இல்லை. ஆனால் ஆசாரமான குடும்பங்களில் சிராத்தச் சமையலைப் பாருங்கள். மிளகாய் கிடையாது, தக்காளி கிடையாது, உருளைக்கிழங்கு கிடையாது. மிளகும், வாழைக்காயும், சேப்பங்கிழங்கும், பாகற்காயுந்தான். முன்னோர்களுக்குத் தெரியாத பண்டத்தை முன்னோர்களுக்குப் படைப்பதில்லை என்று வைத்துக் கொள்ளலாம். சரித்திரப் பேராசிரியர்கள் கல்வெட்டில் தேடுவது, அந்த ஒரு நாள் நம் வீட்டு இலையில் பரிமாறப்பட்டுக் கிடக்கிறது. எங்கள் வீட்டில் ஒரு பெரியபாட்டி இருந்தார். மற்ற நாளில் கூட உருளைக்கிழங்கைத் தொட மாட்டார். "நீங்க சாப்பிடுங்கோடா குழந்தைகளா, எனக்கு வேண்டாம், அது எந்தச் சீமைக் கிழங்கோ" என்பார். ஆனால் எங்களுக்காக அதை வதக்கிப் பொடிமாஸ் செய்து போடுவதும் அவரேதான். பார்மாந்தியேயின் சங்கடம் எனக்குப் புரிந்ததெல்லாம் அந்தப் பாட்டியை நினைத்துத்தான். ஒரு கிழங்கு கெடுதல் இல்லை என்று அறிவு ஒப்புக் கொள்வதற்கும், அதைத் தானே எடுத்து வாயில் போட்டுக் கொள்வதற்கும் நடுவே எத்தனை தூரம்! பாரிஸிலிருந்து ஆகாயத்துக்கு உள்ள தூரம் அதைவிடக் குறைவு.

ஏன் அப்படி? நான் யோசித்துப் பார்த்ததில் எனக்கு ஒரு காரணம் தோன்றுகிறது. ரோசியே பறந்தபோது பாரிஸ் முழுவதும் பறந்தது. ஒருவர் ஏறினால் போதும். ஊரே பெருமையில் பங்கு போட்டுக் கொள்ளலாம். வீழ்ந்தால் வீழ்வது அவர் ஒருவர்தான். சாப்பாடு அப்படி அல்ல. ஒருவருக்காக இன்னொருவர் உண்ண முடியாது. பார்மாந்தியே எத்தனை கிழங்கு தின்றாலும் எதிர் வீட்டுக்காரன் பசி ஆறாது. ஒவ்வொருவனும் தன் வீட்டுக்குள், கூட்டமும் கைதட்டலும் இல்லாமல், தன் கையால் எடுத்துத் தன் வாயில் போட்டுக் கொள்ள வேண்டும். லட்சம் பேர் வேடிக்கை பார்க்க ஒருவன் செய்யும் துணிச்சல் ஒரு வகை. லட்சம் பேரும் அவரவர் அடுக்களையில் தனித்தனியே செய்ய வேண்டிய துணிச்சல் மற்றொரு வகை. இரண்டாவதைப் பற்றி யாரும் பாட்டுப் பாடுவதில்லை.

பார்மாந்தியே மன்னரிடம் போனார். 1786-ஐ ஒட்டி, பாரிஸுக்கு வெளியே ஸப்லோன் என்ற மணல்வெளியை மன்னர் அவருக்குக் கொடுத்தார். ரோசியே கிளம்பினாரே, அதே போலோன் வனத்துக்குப் பக்கத்து நிலந்தான் அது. ஒன்றும் விளையாத பூமி என்று பெயர் எடுத்த அந்த இடத்தில் கிழங்கு விளைந்தது. அதன் பூவை மன்னர் சட்டையில் செருகிக் கொண்டார், ராணி கூந்தலில் சூடிக் கொண்டார் என்பார்கள். பகலில் சிப்பாய்களைக் காவல் போட்டு, இரவில் காவலை எடுத்து விட்டார். இத்தனை காவல் போட்டால் ஏதோ விலையுயர்ந்த பொருள் என்று எண்ணி அக்கம்பக்கத்து ஜனங்கள் இரவில் திருடிக் கொண்டு போய்த் தங்கள் கொல்லையில் நட்டார்கள் என்ற கதை உலகப் பிரசித்தம். சரித்திரக்காரர்கள் அந்தக் கதையை அப்படியே ஒப்புவதில்லை. நான் ஒரு கதாசிரியன். கட்டியவன் மனித சுபாவம் தெரிந்தவன் என்பதை மட்டும் ஒப்புக் கொள்வேன்.

ஆனால் காலம் காத்திருக்கவில்லை. 1788 ஜூலை 13-ஆம் தேதி பெரும் ஆலங்கட்டி மழை பெய்து பாரிஸைச் சுற்றியிருந்த விளைச்சலை அழித்தது. அடுத்து வந்த குளிர்காலம் கொடியது. ரொட்டி விலை ஏறிற்று. 1789 ஏப்ரல் கடைசியில், தொழிலாளிகளின் கூலியைப் பற்றி முதலாளி ஒருவர் ஏதோ சொன்னார் என்று பேச்சுக் கிளம்பி, ஜனங்கள் அவர் வீட்டையும் தொழிற்சாலையையும் சூறையாடினார்கள். சிப்பாய்கள் சுட்டார்கள், பலர் மாண்டார்கள். அந்த முதலாளி யார் தெரியுமா? பலூன் செய்த ரெவயோன்! ஐந்தரை வருஷத்துக்கு முன் அண்ணாந்து பார்த்துக் கைதட்டிய அதே தோட்டத்தில், வயிற்றைப் பார்த்துக் கொண்டு வந்தவர்கள் குண்டடி பட்டு விழுந்தார்கள். அக்டோபர் 5-ஆம் தேதி ரொட்டி கேட்டுப் பாரிஸ் பெண்கள் வெர்சேல்ஸுக்கு நடந்தார்கள். ஆடும் வாத்தும் சேவலும் பறந்த அதே வெர்சேல்ஸ்.

கிழங்கு முன்பே நாக்குக்குப் பழகியிருந்தால் புரட்சியே வந்திராது என்று சொல்லும் அசட்டுத்தனம் எனக்கு இல்லை. புரட்சிக்கு எத்தனையோ காரணங்கள். ஆனால் அந்தக் குளிர்காலத்தில் பசியோடு படுத்த குழந்தைகளில் சில பசியாறிப் படுத்திருக்கும், அவ்வளவுதான் சொல்வேன். அது சின்ன விஷயம் அல்ல.

மன்னர் தலை போயிற்று. ராணி தலை போயிற்று. குடியரசு வந்தது. உணவுப் பஞ்சம் மட்டும் போகவில்லை. 1794-ல், அலங்காரத் தோட்டங்கள் எதற்கு என்று, சார்லஸ் பறந்த அந்தத் துய்லரி அரண்மனைத் தோட்டத்திலேயே உருளைக்கிழங்கு நட்டார்கள். உருளைக்கிழங்குக்கென்றே ஒரு சமையல் புத்தகமும் அந்த நாளில் வெளியாயிற்று. சார்லஸின் பலூன் எழும்பிப் பதினோரு வருஷத்துக்குள் அதே மண்ணில் கிழங்குக் கொடி படர்ந்தது. லட்சம் பேர் அண்ணாந்து நின்ற இடத்தில் இப்போது மனிதர்கள் குனிந்து நின்றார்கள்.

புதுமை எல்லாம் நன்மை என்று முடித்து விடவும் முடியாது. ரோசியே 1785 ஜூன் 15-ஆம் தேதி ஆங்கிலக் கால்வாயைக் கடக்கப் புறப்பட்டார். சூடான காற்றையும் ஹைட்ரஜனையும் ஒன்றாகச் சேர்த்த பலூன். நெருப்பும் எரிவாயுவும் பக்கத்தில் பக்கத்தில். கடலைத் தாண்டாமலே கரையில் விழுந்து, கூடப் போன ரொமேனோடு உயிர் விட்டார். முதலில் பறந்தவரே முதலில் விழுந்து இறந்தார். கிழங்கும் உயிர் வாங்கியது. அயர்லாந்து ஏழைகள் அதை ஏற்றுக் கொண்டதோடு நில்லாமல், அதை ஒன்றையே நம்பி வாழும் நிலைக்குத் தள்ளப்பட்டார்கள். 1845-ல் கிழங்கில் நோய் விழுந்தபோது தொடர்ந்த பஞ்சத்தில் பத்து லட்சம் பேர் மாண்டார்கள். புதியதைச் சோதிக்காமல் ஒதுக்குவதிலும் ஆபத்து உண்டு. பழகிவிட்டதே என்று அதன் மேலேயே முழுப் பாரத்தையும் போட்டு விடுவதிலும் ஆபத்து உண்டு.

பார்மாந்தியே 1813-ல் காலமானார். பாரிஸில் பெர் லாஷேஸ் இடுகாட்டில் அவர் சமாதி இருக்கிறது. பெரிய பெரிய கவிஞர்களுக்கும் சங்கீத வித்வான்களுக்கும் அங்கே சமாதிகள் உண்டு. அவற்றின் மேல் ரோஜாப் பூவைப் பார்க்கலாம். பார்மாந்தியேயின் சமாதிக் கல்லின் மேல் ஜனங்கள் உருளைக்கிழங்கை வைத்து விட்டுப் போகிறார்கள். யாரும் ஏற்பாடு செய்ததல்ல. வருகிறவர்கள் பையில் இரண்டு கிழங்கு எடுத்து வருகிறார்கள், வைக்கிறார்கள், போகிறார்கள். ஒருவர் கிழங்கின் மேல் நன்றி என்று கூட எழுதி வைப்பதுண்டாம்.

அதில் ஒரு கிழங்கையாவது நம் வீட்டுப் பெரியபாட்டி போன்ற ஒருத்தி கொண்டு வந்து வைத்திருப்பாள் என்று நினைக்க எனக்கு ஆசை. தான் தொடாததைப் பிள்ளைகளுக்குச் சமைத்துப் போட்ட கைகள் பாரிஸிலும் எத்தனையோ இருந்திருக்கும். பலூன் ஏறியவர்களின் பெயர் நமக்குத் தெரியும். அந்தக் கைகளின் பெயர் யாருக்கும் தெரியாது. ஆனால் உலகத்தின் சாப்பாட்டை மாற்றியது அந்தக் கைகள்தான்.